எருக்கஞ்சேரியில் எருக்குக்கு இடமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எருக்கஞ்சேரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவள் நான். வடசென்னைப் பள்ளிகளில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் பூங்காக்களிலும், கால்வாய் மற்றும் ஏரிக் கரைகளிலும், மயானச் சுற்றுச்சுவர் ஓரங்களிலும் நடைபெறும் ‘புதர் அகற்றும் பணி’ பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்களுக்கும், அந்தப் பணிக்கு உத்தரவிடும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன். சொல்ல வேண்டியது ஒன்றுதான் என்றாலும், அதைச் செடி செடியாகச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் கடிதம் சற்று நீண்டுவிட்டது.

சென்ற ஆண்டு ஐப்பசித் தொடக்கத்தில், எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள சிறிய பூங்காவின் வடகிழக்கு மூலையில் நான்கு எருக்கஞ்செடிகள் ஆளுயரத்துக்கு நின்றிருந்தன. அவற்றின் அடியில் ஆடுதின்னாப்பாளை தரையோடு படர்ந்திருந்தது. நடைபாதைக் கற்களின் இடுக்குகளில் பருப்புக்கீரை தானாக முளைத்திருந்தது. நானும் என் பேரனும் ஒரு மாலைப் பொழுதில் அந்த எருக்க இலைகளைப் புரட்டிப் பார்த்து, வெள்ளையும் மஞ்சளும் கறுப்பும் வளையம் வளையமாக ஓடிய புழுக்களை 23 வரை எண்ணினோம். ஒவ்வொரு புழுவின் உடலிலும் மூன்று இணைக் கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொடாமல் பார்க்க வேண்டும் என்று பேரனுக்குச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் நாங்கள் போனபோது நான்கு செடிகளும் அடியோடு வெட்டப்பட்டுக் குவிக்கப்பட்டிருந்தன. ஆடுதின்னாப்பாளையின் மேல் ஏதோ மருந்து தெளிக்கப்பட்டு அது கருகிக் கிடந்தது.

வெட்டிய எருக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த பெண்மணியிடம் கேட்டேன். “எங்க ஊர்ல இதைப் பறிச்சுத்தாம்மா புள்ளையாருக்கு மாலை கட்டுவோம். களைன்னு வெட்டச் சொன்னாங்க, வெட்டுறேன்” என்றார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆவணிச் சதுர்த்தியன்று வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் தெருவோரக் கடைகளில் விலை பேசி வாங்குகிற பூ, இரண்டே மாதங்களில் களையாகிவிடுவது எப்படி என்பதுதான் அன்றிலிருந்து என் மனத்தில் இருக்கும் கேள்வி.

எங்கள் ஊரின் பெயரிலேயே எருக்கு இருக்கிறது. புளியந்தோப்பில் புளியும், அத்திப்பட்டில் அத்தியும், எண்ணூரை ஒட்டிய தாழங்குப்பத்தில் தாழையும் இருப்பதைப் போல, இங்கே வாழ்ந்த மக்கள் தங்கள் இடத்தை அங்கு நின்ற செடியையும் மரத்தையும் கொண்டே அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர் சூட்டியது விலை உயர்ந்த பூவைப் பார்த்தல்ல. எருக்கு எவ்வளவு எளிய செடி என்பதைச் சங்கப் புலவரான கபிலரே சொல்லியிருக்கிறார்: நல்லது என்றும் தீயது என்றும் சொல்ல முடியாத புல்லிய எருக்கம்பூவையே ஒருவர் சூட்டினாலும் கடவுள் அதை வேண்டாம் என்று தள்ளுவதில்லை என்பது அவர் பாடிய புறநானூற்றுப் பாட்டின் கருத்து. காதல் கைகூடாத இளைஞன் பனைமடலால் குதிரை செய்து ஊர் நடுவே ஏறி வரும்போது சூடுவதும் எருக்கம்பூக் கண்ணியைத்தான். ரத சப்தமி அன்று ஏழு எருக்க இலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்துக் குளிக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் இருப்பதாக நம்பி அதை வீட்டில் வைத்துப் பூசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கைகளுக்கெல்லாம் மேலாக, எங்கள் பகுதிக்கே உரிய கதை ஒன்று உண்டு. புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்களை வெல்ல வந்த தொண்டைமானின் யானை, வட திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றது என்றும், அவன் வாளால் கொடியை வெட்டியபோது அதனடியில் இருந்த லிங்கத்திலிருந்து குருதி பெருகியது என்றும் தலபுராணம் சொல்கிறது. தோற்ற குறும்பரிடமிருந்து அவன் கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களை இன்றும் மாசிலாமணீசுவரர் கோயில் சன்னதியின் முன் பார்க்கலாம். ஒரு காட்டுக்கொடியை யோசிக்காமல் வெட்டிய அரசன் அதற்காக மனம் கலங்கிக் கோயில் எழுப்பினான் என்று கதை சொல்லிக்கொண்டிருக்கும் மண் இது. அந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் யானையைத்தான் கேட்பார்கள். கொடியைப் பற்றி நான்தான் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறேன்.

அந்த அரசனின் பெயரும் ஒரு கொடியிலிருந்து வந்ததுதான். நாக மகளுக்குப் பிறந்த குழந்தையை அடையாளத்துக்காகத் தொண்டைக் கொடி கட்டிக் கடலில் விட, அலை கொண்டுவந்து சேர்த்த அந்தக் குழந்தையே திரையன் என்றும் தொண்டைமான் என்றும் பெயர் பெற்றான் என்பது பழைய உரைகளில் காணப்படும் செய்தி. தொண்டை என்பது கோவைக்கொடி என்பாரும் உண்டு. வளைந்த முள்ளுடைய ஆதொண்டை என்பாரும் உண்டு. மக்கள் வழக்கில் அந்த அரசன் ஆதொண்டைச் சக்கரவர்த்தி என்றே அழைக்கப்படுவதால் என் மனம் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. ஆதொண்டையைக் கோடையின் தொடக்கத்தில் பார்க்க வேண்டும். வெள்ளையாக விரிந்த பூ பொழுது ஏற ஏறச் செம்மை படர்ந்து, நீண்ட மகரந்த இழைகளோடு முட்களுக்கு நடுவே நிற்கும். வெள்ளை இறகில் கறுப்பு நரம்போடிய பயனியர் என்னும் பட்டாம்பூச்சி முட்டையிடுவது ஆதொண்டையிலும் அதன் உறவுச் செடிகளிலும்தான். தொண்டை மண்டலத்துக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் கொடியை, ‘முள்’ என்ற ஒரே காரணத்துக்காக நாம் வேரோடு பறித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எருக்குக்கே திரும்புகிறேன். எங்கள் பாட்டி பட்டாம்பூச்சியைப் பாப்பாத்தி என்றுதான் சொல்வார். மஞ்சளும் காவியும் கலந்த இறகில் கறுப்பு விளிம்பும் வெள்ளைப் புள்ளிகளும் கொண்டு, அவசரமில்லாமல் தாழப் பறந்து வரும் பாப்பாத்தி ஒன்று வடசென்னையில் எல்லோரும் பார்த்ததுதான். இன்று இயற்கை ஆர்வலர்கள் அதை வெந்தய வரியன் என்கிறார்கள். அது எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். முட்டையிட மட்டும் எருக்கையும் அதன் உறவுச் செடிகளையும் தேடிப் போகும். எருக்கம்பாலில் உள்ள நஞ்சு இதயத்தைத் தாக்கக்கூடியது. ஆடுமாடுகள் அதைக் கடிப்பதில்லை. அந்த நஞ்சையே இந்தப் புழு தின்று, தன் உடலில் சேர்த்து வைத்துக்கொண்டு, இறகு முளைத்த பிறகும் அதைக் காவலாக வைத்திருக்கிறது. ஒருமுறை இதைத் தின்று வாந்தியெடுத்த பறவை மறுமுறை அந்த நிறத்தின் அருகே வராது. அது நிதானமாகப் பறப்பதற்கும் அந்தத் துணிவே காரணம்.

இந்த இடத்தில் பருப்புக்கீரையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டனைட் எக்ஃப்ளை என்ற பட்டாம்பூச்சியின் ஆண் கருநிறத்தில் பெரிய வெண்பொட்டுகளோடு இருக்கும். பெண்ணோ வெந்தய வரியனை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கும். அதன் உடலில் நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளதைப் போன்ற தோற்றத்தை வைத்தே பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. அது முட்டையிடும் செடிகளில் முதன்மையானது, நாம் கல்லிடுக்கிலிருந்து கொத்திக் களையும் இந்தப் பருப்புக்கீரை. ஆகவே அந்தப் பூங்கா மூலையில் எருக்கும் பருப்புக்கீரையும் அருகருகே நின்றது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. வெந்தய வரியன் நிறைய இருக்கும் இடத்தில்தான் அதன் வேடம் போட்ட பூச்சிக்கும் பாதுகாப்பு. எருக்கை வெட்டினால் வேடத்துக்கும் பொருள் இல்லாமல் போய்விடும்.

ஆடுதின்னாப்பாளையின் கதையும் இதைப் போன்றதுதான். ஆடுகூடத் தின்னாத அளவுக்குக் கசப்பு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அந்தக் கசப்பைத் தின்று வளர்பவை காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் என்ற இரண்டு பட்டாம்பூச்சிகளின் புழுக்கள். கிரிம்சன் ரோஸ் சிவந்த உடலும் கறுப்பு இறகில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பொட்டுகளும் கொண்டது; இராமேசுவரத்துப் பக்கம் கடலைத் தாண்டி இலங்கை வரை கூட்டமாகப் பறந்து செல்வதாக அறியப்பட்டது. நம் வீட்டுக் கறிவேப்பிலையில் வளரும் கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் சில இந்த இரண்டின் தோற்றத்தையும் கடன் வாங்கிக்கொள்கின்றன. கிரிம்சன் ரோஸும் நான் மேலே சொன்ன டனைட் எக்ஃப்ளையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தவை. அவற்றைப் பிடித்துக் கொல்வதைக் குற்றம் என்று சட்டத்தில் எழுதிவிட்டு, அவற்றின் புழுக்களுக்கு உணவாகும் செடிகளை மருந்தடித்துக் கருக்குவதை யாரும் கேட்காமல் விட்டுவிட்டோம்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே எழுதிவிட வேண்டும். ஆடுதின்னாப்பாளையை வயிற்றுப் பூச்சிக்கும் பாம்புக்கடிக்கும் மருந்து என்று சொல்லும் பழைய வழக்கம் உண்டு. அந்தச் செடியின் நஞ்சு சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது என்பது இன்று மருத்துவ உலகம் அறிந்த உண்மை. பாட்டி சொன்ன பெயரையும் கதையையும் போற்றுவோம். அதற்காக யாரும் அதை அரைத்துக் குடித்துவிட வேண்டாம்.

மழை விட்ட பிறகு, கார்த்திகை மார்கழியில், ரெட்டேரிக் கரையிலும் கொடுங்கையூர்க் கால்வாய் ஓரத்திலும் நடந்தால் வேறொரு காட்சியைக் காணலாம். தேளின் வால் போல நுனி சுருண்ட பூங்கொத்துடைய தேள்கொடுக்குச் செடியிலும், காய்ந்த காயை ஆட்டினால் விதை குலுங்கி ஓசை எழுப்பும் கிலுகிலுப்பையிலும், நீலக்கோடுகள் கொண்ட ப்ளூ டைகர் பட்டாம்பூச்சிகளும் வெண்புள்ளிக் கருப்பன்களும் அடை அடையாக அப்பியிருக்கும். பூ இல்லாத காய்ந்த தண்டிலும் அவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பல ஆண்டுகள் நான் வியந்திருக்கிறேன். அங்கே கூடுபவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள். அந்தச் செடிகளின் சாற்றில் உள்ள ஆல்கலாய்டு என்னும் ஒருவகை வேதிப்பொருளை உறிஞ்சி, அதைக் கொண்டே பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தம் உடலில் உருவாக்கிக்கொள்கின்றன என்று பிறகு அறிந்தேன். பச்சை இலையை விடக் காய்ந்த, கீறப்பட்ட தண்டுதான் அவற்றுக்கு உகந்தது. நாமோ ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்லி முதலில் பிடுங்குவது அந்தத் தண்டைத்தான்.

என் சிறு வயதில் கிலுகிலுப்பைக் காய்களை நூலில் கோத்துக் கணுக்காலில் கட்டிக்கொண்டு கொலுசு என்று ஓடியிருக்கிறோம். தேள் கொட்டிய இடத்தில் தேள்கொடுக்கு இலையை அரைத்துப் பூசுவதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். அது கேட்டதா என்பது வேறு விஷயம், பூவின் வடிவத்தைப் பார்த்தே அந்த நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். தும்பைப் பூவை உறிஞ்சித் தேன் குடிக்காத பிள்ளை அன்று இல்லை. தும்பை என்ற பெண் சிவனைக் கண்ட பதற்றத்தில், ‘உன் கால் என் தலைமேல் இருக்க வேண்டும்’ என்று கேட்க நினைத்து, ‘என் கால் உன் தலைமேல் இருக்க வேண்டும்’ என்று மாற்றிக் கேட்டுவிட்டாளாம். அவள் நாணி நின்றபோது, அவளைச் சிறு பாதம் போன்ற பூவாக்கிச் சிவன் தன் சடையில் சூடிக்கொண்டாராம். போருக்குச் செல்லும் வீரன் சூடிய பூவும் அதே தும்பைதான் என்று பாடத்தில் வரும்போது, பாட்டியின் கதையையும் சேர்த்தே நான் சொல்வேன்.

என் பணிக்காலத்தில் எனக்கிருந்த பெரிய குறையும் இதுவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களின் பெயர்களைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். பள்ளிச் சுவரோரம் நின்ற தும்பையைக் காட்டி என்னவென்று கேட்டால் ‘செடி, டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கண்ணெதிரே செடி இருந்தால்தானே நான் காட்ட முடியும்? பெயரும் கதையும் ஏட்டில் இருந்து, செடி தெருவில் இல்லாமல் போனால், இன்னும் ஒரு தலைமுறையில் அந்தப் பாட்டு வெறும் பட்டியலாகிவிடும்.

நெய்தல் நிலத்தைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வடசென்னை கடலோர ஊர். மான் குளம்பு போலப் பிளந்த இலையும் குதிரை மணி போன்ற பூவும் உடையது அடும்பு என்று குறுந்தொகைப் பாட்டு ஒன்று சொல்கிறது. எண்ணூர்க் கடற்கரையில் மணலைப் பிடித்து வைத்திருக்கும் அதே ஊதா நிறப் பூக்கொடிதான் அது. பழவேற்காட்டுப் பக்கம் நிற்கும் உகா மரத்தின் கனியை இறால் முட்டைக்கு ஒப்பிட்ட புலவரும் உண்டு. கடலையும் இறாலையும் நன்றாக அறிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். அந்த உகாவிலும் அதன் உறவான சங்கஞ்செடியிலும்தான் ஸ்மால் சால்மன் அராப் என்ற, இளஞ்சிவப்பு இறகில் கறுப்பு விளிம்பிட்ட சின்னஞ்சிறு பட்டாம்பூச்சி முட்டையிடுகிறது. சங்கஞ்செடி முள்ளுள்ளது, ஆகவே அதுவும் ‘புதர்’. சென்ற மாதம் தாழங்குப்பத்துக்குப் போயிருந்தபோது நான் நடந்த வழியில் ஒரு தாழைகூடக் கண்ணில் படவில்லை. பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்ட பூ தாழம்பூ என்று கதை உண்டு. பூசையிலிருந்து விலக்கிய முன்னோர்கள்கூட அதை ஊரிலிருந்து விலக்கவில்லை.

தென்சென்னைக்குக் கிண்டியில் சுமார் 270 ஹெக்டேர் பரப்பில் தேசியப் பூங்கா இருக்கிறது, 1978இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிக் கல்வி நிறுவன வளாகங்களும் இருக்கின்றன. அங்குள்ளவர்கள் அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது எல்லோருக்கும் நன்மையே. எங்கள் பக்கம் அப்படி ஒரு காடு இல்லை. ரயில் பாதைச் சரிவு, பக்கிங்ஹாம் கால்வாயின் கரை, ஏரிக்கரை, பழைய கல்லறைத் தோட்டம், கோயில் நந்தவனத்தின் பின்புறம் என்று ஓரங்களில் மிச்சமிருப்பதுதான் எங்கள் காடு. பெரிய மரங்களின் நிழலில், சருகோடு சருகாக இறகை மடித்து உட்கார்ந்திருந்து, பெரும்பாலும் அந்தி நேரத்தில் பறக்கும் காமன் ஈவ்னிங் பிரவுன் என்ற பழுப்புப் பட்டாம்பூச்சியை நான் பார்த்ததும் ஒரு கல்லறைத் தோட்டத்தில்தான். வெயில்காலத்தில் அதன் இறகு காய்ந்த இலையைப் போலவே மங்கிவிடும். மழைக்காலத்தில் பிறப்பவற்றுக்குக் கண் போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். சருகைக் கூட்டிக் கொளுத்தும் இடத்தில் அதற்கு வாழ்வில்லை.

மாற்றுக் கருத்துகளும் எனக்குத் தெரியும். புதரில் பாம்பு வரும் என்பார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு அருகே புதர் வேண்டாம் என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதல் என்பதும் உண்மை. ஆகவே அது வேலியிட்ட மூலையில் இருக்கட்டும். கொசு வரும் என்பது மட்டும் சரியல்ல. கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில்தான். டெங்குக் கொசு வளர்வது நாம் எறிந்த டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும். பூங்காவில் ஏற்கெனவே நிறையப் பூச்செடிகள் வைத்திருக்கிறோமே என்றும் சிலர் கேட்கிறார்கள். இட்லிப்பூவும் உண்ணிச்செடியும் தேன் தரும் என்பது உண்மைதான். ஆனால் வளர்ந்த பூச்சி எந்தப் பூவிலும் பசியாறிவிடும். புழுவுக்கு அதற்கென்று உள்ள இலை இல்லையென்றால் பட்டினிதான். தேன் பூவை மட்டும் நட்டுவிட்டுப் பட்டாம்பூச்சி வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

மரக்கன்றுகளை நெருக்கி நட்டு உருவாக்கும் மியாவாக்கி குறுங்காடுகளை நான் குறை சொல்லவில்லை. நிழலும் குளிர்ச்சியும் எங்கள் பகுதிக்கு மிகவும் தேவை. ஆயினும் மேலே நான் சொன்ன பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை வெயிலில் இறகைச் சூடேற்றிக்கொண்ட பிறகே பறக்கக்கூடியவை. அவற்றுக்குத் தேவை திறந்த வெயிலும் முழங்கால் உயரச் செடிகளும். ஒவ்வொரு குறுங்காட்டின் தெற்கு ஓரத்திலும் ஒரு துண்டு நிலத்தை நடாமல் விட்டுவைத்தாலே போதும், மற்றதை மழை பார்த்துக்கொள்ளும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. வெந்தய வரியன் முட்டையிலிருந்து இறகு விரிப்பதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை வெட்டும் இடத்தில் ஒரு தலைமுறைகூட முழுமையடைய முடியாது. ஆகவே ஐப்பசி முதல் தை வரை, பூங்காக்களிலும் கால்வாய்க் கரைகளிலும் ஒரே நேரத்தில் முழுவதையும் வெட்டாமல், பாதியை வெட்டி, மற்றப் பாதியை இரண்டு மாதம் கழித்து வெட்ட வேண்டும். களைக்கொல்லி மருந்தைப் பொதுப் பூங்காக்களில் அறவே தவிர்க்க வேண்டும். வெட்டுபவர்களின் கையில் எருக்கு, ஆடுதின்னாப்பாளை, ஆதொண்டை, சங்கஞ்செடி, கிலுகிலுப்பை, நீர்முள்ளி ஆகியவற்றின் படத்தைக் கொடுத்து, ‘இவற்றை விட்டுவிடுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்களில் பலருக்கு இச்செடிகளை நம்மைவிட நன்றாகத் தெரியும். சீமைக்கருவேலத்தைத் தாராளமாக அகற்றட்டும். கொடுங்கையூரில் 300 ஏக்கருக்கும் மேலாகப் பரவிக் கிடக்கும் குப்பைக் கிடங்கிலிருந்து மீட்கப்படும் நிலத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, அதில் ஒரு மூலையையேனும் இந்த மண்ணின் செடிகளுக்கென்று ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கோயில் நந்தவனங்களைக் கவனிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழ மரத்தை இன்றும் நாம் கொண்டாடுகிறோம். வில்வத்தை நட்டால் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வரும். அரளியை நட்டால் வெண்புள்ளிக் கருப்பன் வரும். அதன் கூட்டுப்புழு வெள்ளியில் வார்த்த சொட்டுப்போல் இலையடியில் மின்னுவதைப் பார்க்கச் சிறுவர்கள் வரிசையில் நிற்பார்கள். கொன்றைக்கு மஞ்சளும் வெள்ளையுமாகக் காமன் எமிகிரன்ட் வரும். இவை எல்லாம் ஏற்கெனவே சிவனுக்குரிய பூக்களும் இலைகளும்தான். புழு அரித்த இலையைக் கண்டதும் மருந்தடிக்காமல் இருந்தால் மட்டும் போதும்.

எங்கள் பூங்காவில் வெட்டப்பட்ட எருக்கின் அடிக்கட்டைகளில் இரண்டு மீண்டும் தளிர்த்திருக்கின்றன. நேற்றுக் காலை ஒரு வெந்தய வரியன் அந்தத் தளிரைச் சுற்றி வந்து, இலையின் அடிப்புறத்தில் வயிற்றை வளைத்து ஒவ்வொன்றாக முட்டையிட்டதை நானும் பேரனும் பார்த்தோம். அடுத்த வெட்டு கார்த்திகை முதல் வாரத்தில் என்று காவலாளி சொல்கிறார். அதற்குள் இக்கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டு, பொறுப்பில் உள்ள யாரேனும் ஒருவர் அதைப் படித்து, அந்த மூலையை மட்டும் தை வரை விட்டுவைக்கச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
எருக்கஞ்சேரி, சென்னை.